ராகேல் அழும் கிறிஸ்துமஸ்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியில் அது திருக்குடும்பத் திருவிழா. அன்றைய திருப்பலிக்குக் குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, மத்தேயு இரண்டாம் அதிகாரம். ஏரோது மன்னனின் கைக்குத் தப்பி யோசேப்பு பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போகிறார். ஏரோது செத்த பிறகு திரும்பி வந்து நாசரேத்தில் குடியேறுகிறார். 13 முதல் 15 வரை வாசித்துவிட்டு, அடுத்து 19க்குத் தாவ வேண்டும். நடுவிலுள்ள மூன்று வசனங்கள் அன்றைய வாசகத்தில் கிடையாது. தப்பிப் பிழைத்த குடும்பத்தைக் கொண்டாடும் நாளில் தப்பாத குடும்பங்களின் கதை எதற்கு என்று வாசகத்தைத் தொகுத்தவர்கள் நினைத்திருக்கலாம். பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதும், ராகேல் என்ற தாய் அழுததும் அந்த மூன்று வசனங்களில்தான் வருகின்றன.

அன்று காலை 6.28க்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் பிளந்தது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் அலை தமிழகக் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும். குமரி மாவட்டத்தில் குளச்சலும் கொட்டில்பாடும் கீழமணக்குடியும் சிதைந்தன. மணக்குடிக் காயலின் இரு கரைகளையும் இணைத்த பாலமே பெயர்ந்து போனது. கொட்டில்பாட்டில் 199 பேர், மணக்குடியில் 119 பேர் என்று ஒவ்வொரு நினைவு நாளிலும் அந்த எண்கள் திரும்பச் சொல்லப்படுகின்றன. எங்கும் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். குமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. அதிலும் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வீட்டு வாசல்களில் ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது, குடில் கலைக்கப்படவில்லை, பிள்ளைகள் புதுத்துணியில் இருந்தார்கள்.

விடுபட்ட மூன்று வசனங்களுக்கென்று நாட்காட்டியில் தனி நாள் இருக்கிறது. அது டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. 2004இல் அந்தச் செவ்வாய்க்கிழமை, தமிழகக் கடற்கரையில் பெரிய குழிகளில் வரிசையாகக் குழந்தைகளை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

துக்கத்தில் இருக்கிற ஒருவருக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் கிறிஸ்தவம் என்ன ஆறுதல் தரும் என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், பிறப்பின் மகிழ்ச்சி சாவின் துயரத்தை வென்றுவிடும் என்பது. எனக்கு அந்தப் பதிலில் நிறைவில்லை. அந்த மூன்று வசனங்களைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். ஏனென்றால் அங்கே ஒரு தாய் இருக்கிறாள். தன் பிள்ளைகள் இல்லாமற்போனதால் எந்த ஆறுதலும் வேண்டாம் என்று மறுக்கிறாள். நற்செய்தியாளர் அவளைத் திருத்தவில்லை, கண்ணீரைத் துடைக்கவில்லை. அவளை அழவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

யார் இந்த ராகேல்? தொடக்க நூலில் அவள் யாக்கோபின் மனைவி. நெடுநாள் பிள்ளையில்லாமல் ஏங்கியவள். இரண்டாவது பிரசவத்தின்போது பயண வழியில், பெத்லகேமுக்குப் போகும் சாலையோரம் இறந்துபோகிறாள். உயிர் பிரியும்போது பிள்ளைக்குத் துயரத்தின் மகன் என்று பொருள்படும் பெயரை வைக்கிறாள். யாக்கோபு அதை மாற்றி பென்யமின் என்கிறார். பல நூற்றாண்டு கழித்து, கி.மு. 586இல் எருசலேம் விழுந்தபோது, நாடு கடத்தப்பட்டவர்களைச் சங்கிலியிட்டு ராமா என்ற ஊரில் கூட்டி வைத்திருந்தார்கள். என்றோ செத்த ராகேல் அந்த ஊரிலிருந்து தன் சந்ததிக்காக அழுவதாக எரேமியா தன் நூலின் 31ஆம் அதிகாரத்தில் பாடுகிறார். மத்தேயு அந்தப் பாட்டை எடுத்துப் பெத்லகேமின் தாய்மார்களுக்குக் கொடுக்கிறார். ஆக மூன்று காலத்துத் துயரம் ஒரே பெண்ணின் குரலில் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு புதுச் சாவும் பழைய சாவுகளையெல்லாம் எழுப்பிவிடும் என்பது ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இழவு வீட்டில் மார்தட்டி அழுகிறவள் பாதிநேரம் தன் வீட்டுச் சாவுக்காகத்தான் அழுகிறாள்.

எரேமியாவில் அடுத்த வரியிலேயே கடவுள் பேசுகிறார். அழுகையை நிறுத்து, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று வாக்குக் கொடுக்கிறார். கையில் அந்த நூல் இருந்தும் மத்தேயு அதைச் சேர்க்கவில்லை. நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பி வரலாம். கொல்லப்பட்ட குழந்தைகள் எப்படி வருவார்கள்? இன்னொன்றையும் விவிலிய அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். இயேசுவின் பிறப்புக் கதையில் இறைவாக்கினரை மேற்கோள் காட்டும்போதெல்லாம், அந்த வாக்கு நிறைவேறும்படியாகவே இது நடந்தது என்பது மத்தேயுவின் வழக்கமான நடை. குழந்தைகளின் கொலைக்கு வரும்போது மட்டும் அந்த நடையை விட்டுவிடுகிறார். அப்போது அந்த வாக்கு நிறைவேறியது என்று மட்டும் சொல்கிறார். நற்செய்தியின் கடைசியில் யூதாசின் வெள்ளிக்காசுகளைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கவனம் தெரிகிறது. கடவுளின் திட்டம் என்று சொல்லக் கூசுகிற இடங்கள் நற்செய்தி எழுதியவருக்கே இருந்திருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு மேடைகளில் பேசிய சிலருக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

இந்தப் படுகொலை வரலாற்றில் நடந்ததுதானா என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. ஏரோதின் கொடுமைகளை விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இதைக் குறிப்பிடவில்லை. கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரவுன் 1977இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலில் இதை நம்பத் தயங்குகிறார். நடந்திருந்தாலும் பெத்லகேம் சிற்றூர், இருபது குழந்தைகளுக்கு மேல் இருந்திருக்காது என்பது பொதுவான கணிப்பு. பின்னாளில் கிழக்கத்திய மரபு அதை 14,000 ஆக்கியது. எண்ணைப் பெருக்கினால்தான் துயரம் பெரிதாகத் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது.

கிறிஸ்துமஸைத் தொடர்ந்து வரும் நாட்களைப் பாருங்கள். 26 வழக்கமாகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள், 28 குழந்தைகளின் நாள். பழைய திருச்சபை தொட்டிலை ஒட்டியே சாவை வைத்தது தெரியாமல் செய்த காரியமல்ல. வியாகுல மாதாவின் ஏழு துயரங்களைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகச் செபித்து வருகிறார்கள். முதல் மூன்று துயரங்களும் இயேசுவின் பாலபருவத்தில்தான் நடக்கின்றன: ஆலயத்தில் சிமியோன் முதியவர் வாளைப் பற்றிச் சொன்னது, எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயதுப் பையனை மூன்று நாள் தொலைத்துத் தேடியது. வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணியில் குழவிகள் வதைப் படலம் என்று ஒரு படலமே உண்டு. யோசேப்பைத் தலைவனாகக் கொண்ட காப்பியத்துக்கு அந்தக் கொலைகளைத் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தாலும் போதும். முனிவர் அப்படி நகரவில்லை. மரியாளின் புலம்பலுக்கென்று அவர் அன்னை அழுங்கல் அந்தாதியும் பாடினார்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தையற்காரர்களும் கம்பளி வெட்டுவோரும் சேர்ந்து நடித்த பழைய நாடகம் ஒன்றில், கொல்லப்படப் போகும் குழந்தைகளைத் தாய்மார் தாலாட்டுகிறார்கள். அந்தத் தாலாட்டு இன்றும் கிறிஸ்துமஸ் பாடல்களில் ஒன்று. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானியக் குண்டுகளில் கவென்ட்ரியின் பேராலயம் இடிந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று இடிபாட்டிலிருந்தே வானொலியில் ஒலிபரப்பு நடந்தது. அதில் இந்தப் பாட்டும் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே மெட்டில் போகும் என்று நம் ஊர்க் கிழவிகளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

துக்க வீட்டுக்குள் காலில் செருப்போடு நுழைகிற ஆறுதல்கள் சில உண்டு. ஒன்று, இது தண்டனை என்பது. சுனாமிக்குப் பிறகு எல்லாச் சமயத்தாரிடமும் இந்தப் பேச்சு இருந்தது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் நோயிலும் இழப்பிலும் சமயம் என்ன செய்கிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். கடவுள் உடன் நிற்கிறார் என்று நம்புகிறவர்கள் துயரத்தை ஓரளவு தாங்கிக்கொள்கிறார்கள். கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டார் என்று நம்புகிறவர்கள் இன்னும் நொறுங்குகிறார்கள் என்பது அவர் ஆய்வுகளின் சாரம். 2001இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், 55 வயதைத் தாண்டிய நோயாளிகள் 596 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்தார்கள். கடவுளோடு இப்படிப் போராடிக்கொண்டிருந்தவர்களில் அந்தக் காலத்துக்குள் இறந்தவர்கள் அதிகம். இதைப் படித்துவிட்டுத் துக்கப்படுகிறவரிடம் போய்க் கடவுளிடம் கோபப்படாதே என்று புத்தி சொல்லக் கூடாது. கோபத்தைச் சொல்ல இடமில்லாமல் அதிலேயே சிக்கிக்கொள்வதுதான் கெடுதல். திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களும் முறையீடுகளுமே.

இன்னொன்று அற்புதம். வேளாங்கண்ணியில் கடற்கரைக்கும் பேராலயத்துக்கும் நடுவே இருந்த கடைகளை அலை வாரிக்கொண்டு போனது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். தண்ணீர் பேராலயத்துக்குள் நுழையவில்லை. உள்ளே பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று அவர்கள் சொன்னதில் வியப்பில்லை. பிழைத்தவர் நன்றி சொல்லத்தானே செய்வார்? ஆனால் அதே வாக்கியத்தை, கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காதில் போட்டுக்கொண்டால் அது என்னவாகிறது? கோயிலுக்குள் இருந்திருந்தால் பிழைத்திருப்பானே என்பது ஆயுள் முழுக்க அறுக்கும். பிழைத்தவரின் சாட்சியத்தைப் பிரசங்கமாக்கும்போது இந்த ஆபத்து வருகிறது. தப்பிய திருக்குடும்பத்தை மட்டும் வாசித்து நடு வசனங்களை விட்டுவிடும்போதும் அதுவேதான் நடக்கிறது.

அப்படியானால் தாங்கும் ஆறுதல் எங்கே இருக்கிறது? 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பெர்லினின் டேகல் சிறையிலிருந்து டீட்ரிஷ் போன்ஹோஃபர் ஒரு கடிதம் எழுதினார். ஹிட்லரை எதிர்த்த லுத்தரன் போதகர் அவர். அந்த ஏப்ரலில் கைதானவர், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டவர். நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய அந்தக் கடிதத்தில் பிரிவைப் பற்றி அவர் சொன்னது நம் பிரசங்க வழக்கத்துக்கு நேர் எதிரானது. அன்பானவர் இல்லாத இடத்தை எதனாலும் இட்டு நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது என்கிறார். கடவுள் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்பதையே தவறு என்கிறார். கடவுள் அதை வெறுமையாகவே விட்டுவைக்கிறார். வலியோடானாலும் உறவு அறுந்துபோகாமல் இருப்பது அதனால்தான் என்பது அவர் கருத்து. அவர் அங்கே சாவைப் பற்றிப் பேசவில்லை, பிரிந்திருப்பதைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் துக்கப்படுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைத் தேடிப் போகிறார்கள்.

இதே முடிவுக்கு நாத்திகர் ஒருவரும் வந்து சேர்ந்தார். 1917இல் வெளியான கட்டுரையில் சிக்மண்ட் பிராய்ட், துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்கும் வேலை என்று எழுதியிருந்தார். 1920 ஜனவரியில் அவர் மகள் ஸோஃபி காய்ச்சலில் இறந்தாள். 1929இல், அவள் உயிரோடிருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், மகனை இழந்திருந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்துக்கு மாற்று எதுவும் கிடைக்காது, அப்படி இருப்பதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். கோட்பாட்டில் சொல்லாததைத் தகப்பனாகச் சொன்னார். உளவியல் துறை அதைக் கோட்பாடாக ஏற்க 1996 ஆகியது. டென்னிஸ் கிளாஸும் இரு சக ஆய்வாளர்களும் தொகுத்த நூல், இறந்தவரோடு உறவைத் தொடர்வது நோயல்ல, இயல்பு என்று வாதிட்டது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கல்லறைமேலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர்களை அந்த ஆய்வாளர்கள் பார்த்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

நம் பக்கத்துத் துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் எப்படிப் போகும்? ஸ்டார் கட்டமாட்டார்கள். புதுத்துணி கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறாது. குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தூக்குவாளியில் வந்து சேரும். பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று பண்டிகை வாழ்த்துச் சொல்வதில்லை. பாத்திரத்தை அடுக்களையில் வைத்துவிட்டு, சாப்பிட்டியளா என்று கேட்டுவிட்டுச் சற்று உட்கார்ந்திருப்பார்கள். கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது கொட்டுக்காரர்களும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் முனையிலேயே நின்றுவிடுவது வழக்கம். நாலைந்து பேர் மட்டும் வீட்டுக்குள் வந்து ஒரே ஒரு பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடி, இறந்தவரின் பெயரைச் சொல்லி செபித்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டை விட்டுவிட்டுப் போவது மரியாதைக்குறைவு, கொட்டடித்துக்கொண்டு வருவதும் மரியாதைக்குறைவு. இந்த நடுவழியை எந்தச் சட்டப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

மேலைநாட்டுச் சபைகள் சில பத்தாண்டுகளாக டிசம்பர் 21ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட இரவில், துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று தனி வழிபாடு நடத்துகின்றன. அங்கே தேவை இருக்கிறது. துக்கப்படுகிறவர் பண்டிகைக் கூட்டத்தில் தனித்து விடப்படுகிறார். நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவரத் தேவையில்லை என்பது என் எண்ணம். 28ஆம் தேதித் திருப்பலி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பத்துப் பேரோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அன்று அன்பியங்கள் என்ற பங்கின் சிறு குழுக்கள் வழியாக அந்த ஆண்டில் பிள்ளையை இழந்த வீடுகளை அழைத்தால் போதும். கருவிலேயே இழந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களுக்குக் கல்லறை நாளும் இல்லை.

எல்லாத் துக்கமும் கல்லறைக்குப் போய் உட்கார முடிகிற துக்கமல்ல. 2017 நவம்பர் 29, 30இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கும் மேலானோர் திரும்பவில்லை. பெரும்பாலானவர்களின் உடல் கிடைக்கவே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இப்படிப்பட்ட இழப்பைத் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தவர். இறந்தார் என்று அழுதால் துரோகமாகப் படும். வருவார் என்றிருந்தால் வாழ்க்கை நகராது. ராகேலுக்காவது பிள்ளைகள் இல்லை என்று தெரியும்.

அந்த டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வாசகம் மாற்கு 13ஆம் அதிகாரம்: வீட்டுத் தலைவர் வெளியூர் போயிருக்கிறார்; மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் நேரத்திலோ விடியலிலோ எப்போது வருவார் என்று தெரியாது, ஆகவே விழித்திருக்க வேண்டும். வீட்டுத் தலைவர்கள் திரும்பாத கரையில் அதை வாசித்துவிட்டு ஒரு பங்குத்தந்தை என்ன பிரசங்கம் செய்திருக்க முடியும்? அந்தப் பெண்கள் ஏற்கெனவே நாலு நாளாக விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டிசம்பர் 7 அன்று குருக்கள் முன்னே நடக்க, ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. இழப்பீட்டுத் தொகை 20 லட்சம் ரூபாய் என்று ஆனது; பிரதமர் 19ஆம் தேதி குமரிக்கு வந்தார்; வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் ஆறுதல் கேட்டு அங்கே போகவில்லை. தேடுதலை நிறுத்தக் கூடாது, கடலின் போக்குத் தெரிந்த எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.